வடக்கே ஒரு புள்ளி

“கைய எடு மாதவா! மவுஸ்ல இருந்து கைய எடு!”

நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள் சத்யப்பிரியா. மேஜை ஆடியது. டீ டம்ளர் உருண்டு கீபோர்டை நனைத்தது. பட்டனுக்கு மேலே நூலிழை உயரத்தில் மாதவனின் விரல் அப்படியே நின்றது.

“இதுல என்னக்கா தப்பு? ‘அது ஜிபிஎஸ் பிழை, மன்னிக்கவும்’னு ஒரே ஒரு வரி. போட்டா பிரச்சினை முடிஞ்சு போச்சு.”

“போட்டா நாம முடிஞ்சு போயிருவோம்.”

துப்பட்டாவால் கீபோர்டை ஒற்றினாள். திரையில் அந்தக் கேள்வி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடல் கடந்து, ஏதோ ஒரு குளிர்தேசத்து அலுவலகத்திலிருந்து வந்த கேள்வி.

‘அருமையான கருவி. வாழ்த்துகள். வீடியோவில் வரும் வரைபடத்தில், வடக்கே தனியாக ஒரு புள்ளி மின்னுகிறதே, அது எந்தத் தொழிற்சாலை? — ஹெல்கா.’

நல்ல கேள்வி. வேறு யார் கேட்டிருந்தாலும் சத்யப்பிரியா சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் ஹெல்காவின் பெயருக்குக் கீழே அவர் வேலை பார்க்கும் பிராண்டின் பெயர் இருந்தது. அவள் தாய்மாமன் மருதாசலத்தின் கம்பெனியில் இப்போது டி-ஷர்ட் தைத்துக்கொண்டிருப்பது அந்த பிராண்டுக்குத்தான்.

திருப்பூர் பி.என். ரோட்டில், நூல் குடோனுக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அதுதான் ‘முடிச்சு’ நிறுவனத்தின் தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் எல்லாமே. நிறுவனர் சத்யப்பிரியா. மென்பொருள் எழுதுகிறவன் விருதுநகரிலிருந்து வந்த மாதவன். மூன்றாவது ஆள் கிடையாது.

பனியன் கம்பெனியில் துணியை வெட்டி, துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, தையலுக்கு அனுப்புவார்கள். எந்தக் கட்டு எங்கே கிடக்கிறது என்று எந்த முதலாளிக்கும் முழுசாகத் தெரியாது. சத்யப்பிரியா ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். தைப்பதற்கு முன் போனைக் காட்டி ஒரு ஸ்கேன், தைத்த பின் ஒரு ஸ்கேன். எந்தப் போன் எங்கே ஸ்கேன் செய்கிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு புள்ளி மின்னும். அவ்வளவுதான் ‘முடிச்சு’.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து இதைச் செய்தாள். திருப்பூரில் அவள் ஏறி இறங்காத கம்பெனிப் படி இல்லை. எல்லோரும் ஏசி ரூமில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் இளநீர் கொடுத்தார்கள். “பிரமாதமுங்க” என்றார்கள். வாங்கத்தான் ஒருவரும் இல்லை. ஒரு முதலாளி மட்டும் வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அம்மிணி, சரக்கு எங்க இருக்குதுன்னு தெரியாம இருக்கறதுலதான் எங்க பொழப்பே ஓடுது.”

அதன் பிறகுதான் ஃபர்ஸ்ட்ஷெல்ஃபைப் பிடித்தாள்.

உலகில் யார் புதிதாக மென்பொருள் செய்தாலும் கொண்டுவந்து கடை விரிக்கிற இணையச் சந்தை அது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் நள்ளிரவு; திருப்பூரில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். அப்போது கடை திறக்கும். அடுத்த நாள் அதே நேரம் வரைக்கும் ஓட்டு. முதல் ஐந்து இடத்துக்குள் முடித்தால் லட்சக்கணக்கான பேருக்குப் போகும் கடிதத்தில் பெயர் வரும். டாக்காவும் போர்ச்சுகலும் வியட்நாமும் கதவைத் தட்டும். முடிக்காவிட்டால், குடோனுக்கு மேலே ஓர் அறை வாடகைக்கு விடப்படும்.

இன்று மத்தியானம் கடை திறந்தது. டீ நேரத்துக்குள் ‘முடிச்சு’ மூன்றாவது இடத்துக்கு ஏறிவிட்டது. மாதவன் நாற்காலிமேல் ஏறி ஆடினான். ஆடி முடிப்பதற்குள் ஹெல்கா வந்துவிட்டார்.

“பிழைன்னு ஏன் சொல்லக்கூடாதுன்னு யோசி” என்றாள் சத்யப்பிரியா. “ஃபர்ஸ்ட்ஷெல்ஃப்ல நம்ம பக்கத்துல முதல் வரி என்ன எழுதியிருக்கோம்?”

மாதவன் முனகினான். “‘எந்த ஷெட் என்பது வரை துல்லியம்.’”

“அதுக்குக் கீழயே, ‘அய்யோ, அது பிழைங்க’ன்னு நாமளே எழுதினா எவன் வாங்குவான்?”

“அப்ப பிழை இல்லைன்னு சொல்லுங்க.”

“சொன்னா மாமா மாட்டிக்குவாரு.”

இதுதான் சிக்கல். பையர், அதாவது சரக்கை வாங்கும் பிராண்ட், அனுமதித்த தொழிற்சாலையைத் தவிர வேறெங்கும் ஒரு தையல்கூடப் போடக்கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் ஷிப்மென்ட் நெருங்கினால் மாமாவின் கம்பெனியிலிருந்து டெம்போ கிளம்பும். வெள்ளகோவிலில் சுப்பையன் என்பவர் நடத்தும் ஷெட்டுக்குப் போகும். தைத்துத் திரும்பும். மாமா மட்டுமல்ல, ஊரே இப்படித்தான். தெரியாதது காகிதத்துக்கு மட்டும்தான்.

அதனால்தான் வீடியோ எடுக்கும்போதே மாமா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வெள்ளகோவில் தெரியக் கூடாது. மாதவனும் வரைபடத்தில் வெள்ளகோவிலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருந்த புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டான். மிச்சமிருந்ததெல்லாம் மாமாவின் சொந்தத் தையல் ஃப்ளோர். அதைத் தவிர, வடக்கே ஒன்று. குன்னத்தூர்ப் பக்கம். அங்கே மாமாவுக்கு யூனிட்டே கிடையாது. ஏதோ ஒரு போன் உளறுகிறது என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

அந்த அசட்டைக்குத்தான் இப்போது வட்டி.

“வீடியோவையே மாத்திருவோம்க்கா.”

“முதல் பத்துக்குள்ள வந்த பக்கத்தைத் திருத்த முடியாது. அவங்க அனுமதி வேணும். கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாக?”

போனைத் திருப்பிக் காட்டினாள். ‘உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம். நீங்கள் கேட்க வந்தது கடவுச்சொல்லைப் பற்றியா?’

“மெஷினு.”

“மெஷினேதான். நாலு தடவை கேட்டுட்டேன். நாலு தடவையும் கடவுச்சொல்.”

போன் அடித்தது. மாமாவின் மனைவி சாரதாமணி.

“சத்யா, ஓட்டுப் போடச் சொன்னியே கண்ணு. போட உக்காந்தா ‘நீ மனுஷிதானா’ன்னு கேக்குது. கேட்டுப்போட்டு டிராபிக் லைட்டு எங்கெங்க இருக்குதுன்னு காட்டச் சொல்லுது. நம்மூர்ல எந்த லைட்டு எரியுது நாங் காட்டறதுக்கு? எல்லாக் கட்டத்தையும் அமுக்கி உட்டுட்டேன்.”

“சரிங்க அத்தை. நான் அப்புறம்...”

“இரு இரு. நானு மட்டுமில்ல. இன்னிக்குக் கிருத்திகையில்ல? கோயில் மண்டபத்துல அன்னதானத்துக்கு வந்த நம்ம பொம்பளைங்க அத்தன பேரையும் போட வெச்சுட்டேன். மண்டபத்து வைஃபைதான். கந்தன் புண்ணியத்துல நீ முதலிடம் வந்துருவே பாரு.”

“எல்லாரும் ஒரே வைஃபைலயா அத்தை?”

“பின்ன? ஆளுக்கொரு வைஃபைக்கு நாங்க எங்க போக?”

திரையைப் பார்த்தாள். ஒரே இடத்திலிருந்து வந்ததால் மண்டபத்தின் அத்தனை ஓட்டும் ‘சந்தேகத்துக்குரியவை’ என்று கழிந்துகொண்டிருந்தன. மூன்றாவது இடம் நான்காவதானது. நான்கு ஐந்தானது.

“கந்தா” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆமாங் கண்ணு, அவனையே நெனச்சுக்க” என்று வைத்தாள் அத்தை.

வைத்த உடனே அடுத்த அழைப்பு. மருதாசலம்.

“கண்ணு, அந்தப் பக்கத்தை எடுத்துரு.”

வணக்கம் இல்லை, சாப்பிட்டியா இல்லை. மாமா அப்படிப் பேசுகிறவர் அல்ல.

“எதுக்குங்க மாமா?”

“அருள்செல்வன் சார் கூப்பிட்டாரு. வீடியோவுல நம்ம வெளி யூனிட்டு தெரியுதாமா. பையரோட ஹெட் ஆபீஸ்ல பாத்துட்டாங்களாமா. இப்பவே எடுக்கோணும்ங்கறாரு.”

அருள்செல்வன் அந்த பிராண்டுக்குத் திருப்பூரில் இருக்கும் கண். மாதாமாதம் ஃபேக்டரிக்கு வந்து, தையல் முழுக்க இங்கேதான் நடக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிகள் தூத்துக்குடிக்குக் கிளம்பும். வெள்ளகோவில் விஷயம் தெரிந்தும் தெரியாத மாதிரிதான் அவர் கையெழுத்துப் போடுவார். அவர் தும்மினால் மாமாவின் ஃப்ளோருக்கே ஜலதோஷம் பிடிக்கும்.

“மாமா, நல்லாக் கேளுங்க. வெள்ளகோவில் வீடியோவுல இல்லவே இல்லீங்க. ஒரு புள்ளிகூட இல்லை. குன்னத்தூர்லதான் ஒண்ணு தெரியுது.”

“குன்னத்தூரா?” மருதாசலம் குழம்பினார். “நமக்கு அங்க ஒண்ணுமே இல்லியே.”

“அதத்தாங்க நானும் சொல்றேன்.”

“அப்பச் சாருக்கு என்ன?”

“தெரியலீங்க மாமா.”

எதிர்முனையில் கட்டிங் மெஷினின் இரைச்சல். மாமா சோர்வாக, “எதுவா இருந்தாலும் சரி. அவரு எடுக்கச் சொல்றாரு, எடுத்துரு கண்ணு. அவரையும் கூட்டிக்கிட்டு அங்கயே வாறேன்.”

போனை வைத்துவிட்டார். சத்யப்பிரியா சுவரில் ஓங்கிக் குத்தினாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“அக்கா, சுப்பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்” என்றான் மாதவன். “கட்டு அவரு வழியாத்தான வெளிய போகுது?”

அடித்தாள். எடுத்தார்.

“ஏனுங்க சுப்பையண்ணா, நம்ம கட்டு ஏதாச்சும் குன்னத்தூர் பக்கம் போகுதுங்களா?”

சுப்பையன் வழக்கமாக ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லுவார். இப்போது மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“குன்னத்தூருங்களா அம்மிணி... அது வந்துங்க... டவரு சரியில்லீங்க. நீங்க பேசறது கேக்கலீங்க.”

“எனக்கு நல்லாக் கேக்குதுங்க அண்ணா.”

“எனக்குக் கேக்கலீங்க” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

மாதவன் பல்லைக் காட்டினான். “கேக்காதவருக்கு எப்பிடிக்கா பதில் சொல்லத் தெரிஞ்சுது?”

அவள் சிரிக்கவில்லை. புள்ளி பிழையில்லை என்றால்? இந்த எண்ணம் ஒரு சந்தோஷமாகவும் ஒரு பயமாகவும் சேர்ந்தே வந்தது. யோசிக்க நேரமில்லை. படியில் இரண்டு ஜோடிக் காலடிச் சத்தம்.

மருதாசலம் முதலில் வந்தார். வெள்ளை வேட்டி, வியர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டை, நெற்றியில் காலையில் இட்ட திருநீறு கலைந்து கிடந்தது. அவருக்குப் பின்னால் கசங்காத நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அருள்செல்வன். அந்த வெயிலிலும் அவருக்கு வேர்க்கவில்லை.

“மேடம், முதல்ல வாழ்த்துகள். ஐ ஆம் யுவர் ஃபேன்” என்றபடி உட்கார்ந்தார். “திருப்பூர்ப் பொண்ணு ஒருத்தி உலகத்துல அஞ்சாவது இடம்! பெருமையா இருக்கு.”

“மூணாவதா இருந்துதுங்க சார். அத்தை உதவி பண்ணிட்டாங்க.”

அவர் புரியாமலே சிரித்தார். மாதவன் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார். “சாரும் நீங்களும் உறவு. நான் வெளியாள். ஆனாலும் உங்க நல்லதுக்குச் சொல்றேன். பக்கத்தை எடுத்துருங்க.”

“சார், வீடியோவுல வெள்ளகோவில் இல்லை. நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்புறம் எதுக்கு எடுக்கோணும்?”

அருள்செல்வன் டீயை ஊதினார். “ஹெல்கா எனக்கு பாஸ் இல்ல. ஆனா என் பாஸுக்குப் பக்கத்து சீட்டு. இன்னிக்கு அவங்க கேக்கறது சும்மா ஒரு கேள்வி. நாளைக்கு அது மெயில். அதுக்கு அப்புறம் ஒரு டீமே ஃப்ளைட் ஏறி வரும். வந்தவங்க குன்னத்தூரை மட்டுமா தேடுவாங்க? தோண்டத் தோண்ட வெள்ளகோவிலும் வெளிய வரும். சாரோட ஆர்டர் கேன்சல் ஆகும். இனி இந்த ஊர்ல எந்த பையரும் சாருக்கு ஒரு பீஸ் குடுக்க மாட்டான்.”

மருதாசலம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“சரிங்க சார். அந்தப் புள்ளி பிழையா நிஜமான்னு மட்டும் நான் பாத்துக்கறேன். பிழையா இருந்தா பிழைன்னே ஹெல்காவுக்கு எழுதிடறேன். எனக்கு அடி விழும், பரவால்ல. பக்கம் இருக்கட்டும்.”

“பிழைதான் மேடம். அதுல என்ன பாக்கறதுக்கு இருக்கு?”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“குன்னத்தூர்ல என்ன இருக்கு? சந்தையும் தென்னந்தோப்பும். அங்க போய் எவன் எக்ஸ்போர்ட் பீஸ் தைப்பான்?” குரல் அதே மென்மையில்தான் இருந்தது. “பிழைன்னு எழுதினா ஹெல்கா டேட்டா குடுங்கம்பாங்க. குடுப்பீங்களா? குடுத்தா வெள்ளகோவில் மாட்டும். குடுக்கலைன்னா சந்தேகம் கூடும். ஒரே வழி, இது இருந்த தடமே இல்லாம எடுத்துடறது. இன்னைக்கே. ஹெல்கா வீட்டுக்குப் போறதுக்குள்ள.”

“எடுத்தா ஒரு வருசத்துக்கு மறுபடி போட முடியாதுங்க சார். அவங்க விதி அப்படி.”

“ஒரு வருசம் என்ன மேடம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்.”

“உங்களுக்கு ஓடும் சார். சம்பளம் வருது.”

“கண்ணு” என்றார் மருதாசலம்.

அவர் அருகில் வந்தார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஊரே உனக்குக் கதவைச் சாத்துனப்ப நாந்தான் என்ற ஃப்ளோரைத் திறந்து உட்டேன். உன்ற ஸ்டிக்கரை ஒட்டறதுக்கு டெய்லருங்ககிட்ட நானே போயி நின்னேன். சொல்லிக் காட்டறேன்னு நெனச்சுக்காத.” நிறுத்தினார். “இல்ல, சொல்லித்தான் காட்டறேன். வேற வழியில்ல கண்ணு. இந்த ஆர்டரு போச்சுன்னா ஃப்ளோரைப் பூட்டித்தான் ஆகோணும்.”

கோபமாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கெஞ்சியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள். மாமா கணக்குத் தீர்க்கிற மாதிரி நேராகப் பேசிவிட்டார்.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

திரையில் ‘முடிச்சு’ மறுபடி நான்காவது இடத்துக்கு ஏறியிருந்தது. மண்டபத்து ஓட்டு எதுவும் இல்லாமல், முகம் தெரியாத மனிதர்கள் போட்ட சுத்தமான ஓட்டில். கீழே புதிதாக ஒரு செய்தி: டாக்காவில் ஒரு கம்பெனி, நாளை பேசலாமா என்று கேட்டிருந்தது.

‘திரும்பப் பெறு’ பட்டனை அழுத்தினாள்.

‘நிச்சயமாகவா?’ என்றது ஃபர்ஸ்ட்ஷெல்ஃப்.

ஆம்.

‘இதை மீட்க முடியாது. உண்மையிலேயே நிச்சயமாகவா?’

“கடவுச்சொல்லைத் தவிர வேற எதையும் கேக்காத சனியன், இப்ப மட்டும் எத்தனை கேள்வி கேக்குது பாரு” என்றாள். அழுத்தினாள்.

பக்கம் வெளுத்தது. ‘இந்தப் பொருள் நிறுவனரால் திரும்பப் பெறப்பட்டது.’ ஹெல்காவின் கேள்வி, டாக்காவின் செய்தி, எல்லாம் போயிற்று.

அருள்செல்வன் எட்டிப் பார்த்துத் தன் போனிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் டீயைக் குடித்து முடித்தார்.

“புத்திசாலிப் பொண்ணு சார் உங்க மருமக” என்று மருதாசலத்தின் தோளைத் தட்டிவிட்டுப் படி இறங்கினார். மருதாசலமும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

சத்யப்பிரியா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த மெஷின் மேல், மண்டபத்து வைஃபை மேல், சுப்பையனின் டவர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் விரல் மேல்.

“அக்கா.”

“பேசாத மாதவா.”

“பேசல. இங்கன வந்து பாருங்க, அது போதும்.”

தலையைத் தூக்கினாள். ஃபர்ஸ்ட்ஷெல்ஃபில் பக்கம்தான் போயிருந்தது. மாதவனின் திரையில் ‘முடிச்சு’வின் வரைபடம் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் ஃப்ளோரில் புள்ளிகள் எறும்புக் கூட்டம்போல் மொய்த்தன. வடக்கே, குன்னத்தூருக்குச் சற்று முன்னால், ஒன்றே ஒன்று மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது.

“பிழைன்னா அங்கிட்டும் இங்கிட்டும் குதிக்கும். இது வீடியோ எடுத்த அன்னைக்கு எங்க இருந்துச்சோ அங்கனயே கெடக்கு. ஒரு அடி நகரல. இப்ப, இந்த நிமிசம் யாரோ கட்டை ஸ்கேன் பண்றாக.”

சத்யப்பிரியா எழுந்தாள். வண்டிச் சாவியை எடுத்தாள்.

“எதுக்குக்கா? எல்லாம்தான் முடிஞ்சு போச்சே.”

“நம்ம கருவி பொய் சொல்லுச்சுன்னா நான் இழந்தது ஒண்ணுமில்ல மாதவா. நாளைக்கே பெங்களூருக்குப் பஸ் ஏறிடுவேன். அது நிஜத்தைச் சொல்லியிருந்தா...” படியிறங்கி வண்டியைக் கிளப்பினாள். “ஏறு பின்னால.”

பி.என். ரோடு ஷிஃப்ட் விட்ட கூட்டத்தில் பிதுங்கியது. கம்பெனி வேன்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஸ்கூட்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினாள். பெருமாநல்லூரில் மேம்பாலத்தைத் தாண்டியதும் காற்று வந்தது. மாதவன் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்து வழி சொன்னான். வலது. நேராக. மறுபடி வலது. குன்னத்தூருக்குப் போகும் சாலையிலிருந்து ஒரு மண் பாதை பிரிந்தது. இருபுறமும் தென்னை. வெயில் மஞ்சளாகி மரங்களுக்குள் சாய்ந்திருந்தது.

“இங்கனதான்” என்றான். “நிப்பாட்டுங்க.”

பழைய கோழிப் பண்ணை. நீளமான ஓட்டுக் கூரை, பக்கவாட்டில் கம்பி வலை. வலையைப் பச்சைத் துணியால் மறைத்திருந்தார்கள். பெயர்ப் பலகை இல்லை. ஆனால் உள்ளே இருந்து வந்த சத்தம் திருப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓவர்லாக் தையல் மெஷின். ஒன்றல்ல, வரிசையாக.

உள்ளே நுழைந்தார்கள். தலையில் துணி கட்டிய பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்.

அவளுடைய ஸ்டிக்கர்.

மாதவன் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். “எந்த ஷெட்டுங்கற வரைக்கும் துல்லியம்” என்றான் மெதுவாக. அவன் கண்கள் கலங்கியிருந்தன.

சத்யப்பிரியாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. உலகத்தின் முன்னால், நான்காவது இடத்தில் நின்றுகொண்டு, அவளுடைய கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதன் கழுத்தைத் தன் கையாலேயே நெரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

“வாங்க, வாங்க! பீஸ் எடுக்க வந்தீங்களாங்க?” இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். முப்பது வயதிருக்கும். சூப்பர்வைசர் என்பது நடையிலேயே தெரிந்தது. “நான் இந்துமதிங்க. சுப்பையண்ணன் ஆளுங்கதானுங்க நீங்க? டெம்போ நாளைக்குத்தான்னு சொன்னாரு. தண்ணி குடிக்கறீங்களா?”

“சுப்பையண்ணன்தான் இங்க கட்டு அனுப்பறாருங்களா?”

“ஆமாங்க. வெள்ளகோவில்ல எறக்கி, பாதிய இங்க திருப்பி உட்ருவாரு. மாசாமாசம் வருதுங்க. ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணுனாத்தான் கூலிக் கணக்குன்னு போன்ல ஆப்பும் அவருதான் போட்டுக் குடுத்தாரு.”

“பாதியா? அவரு எதுக்குங்க வந்த வேலைய அப்படித் தூக்கிக் குடுக்கறாரு?”

இந்துமதி சிரித்தாள். “அவரு எங்கீங்க குடுக்கறாரு? எங்க ஓனரு கேட்டா இல்லீங்கன்னு சொல்ல முடியுங்களா? சொன்னா அப்பறம் அவருக்கும் வேலையில்ல, அவருக்கு அனுப்பற கம்பெனிக்கும் வேலையில்ல.”

“யாருங்க உங்க ஓனரு?”

“பேரெல்லாம் அவரு சம்சாரம் பேர்லதானுங்க. அவரு இந்தப் பக்கமே வரமாட்டாரு. எல்லாம் போன்லதான்.” சொல்லும்போதே அவள் கையிலிருந்த போன் அலறியது. திரையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். “ஆயுசு நூறு! அவரேதான். மெசினு சத்தத்துல காது கேக்காதுங்க, இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களே பேசீருங்க.”

பட்டனை அழுத்தினாள்.

“இந்து, நான் சொல்றதை அப்படியே செய்யி.” மென்மையான குரல். அவசரத்திலும் ஏறாத, இறங்காத குரல். “அந்த ஆரஞ்சு ஸ்டிக்கரையெல்லாம் கிழிச்சு எரிச்சுரு. போன்ல இருக்கற ஆப்பையும் அழிச்சுரு. இனிமே ஸ்கேனும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பயப்படாத, அந்தப் பொண்ணு பக்கத்தை எடுத்துருச்சு. நானே கூட உக்காந்து எடுக்க வெச்சுட்டுத்தான் வந்துருக்கேன். மருதாசலம் ஃபேக்டரி ரிப்போர்ட்டும் நான்தான எழுதப் போறேன்... இந்து? கேக்குதா? யாரு பக்கத்துல?”

சத்யப்பிரியா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“நல்லாக் கேக்குதுங்க அருள்செல்வன் சார்” என்றாள்.